வாசலுக்கு வந்த செவ்வெறும்பு

கட்டெறும்புப் புற்றின் வாசலுக்கு ஒரு செவ்வெறும்பு தனியாக வந்தது.

"உங்களோட சண்டை போட எங்க புற்றுல எல்லாரையும் பிடிச்சுட்டுப் போறாங்க அண்ணே. எனக்கு உங்களைக் கடிக்க இஷ்டமில்லை. உள்ளே ஒரு மூலையில இருந்துக்கிறேன்."

காவலுக்கு நின்ற கட்டெறும்பு அதை மீசையால் தடவிப் பார்த்தது. செவ்வெறும்பு வாடைதான் அடித்தது.

"இஷ்டமில்லைன்னா உங்க ராணிகிட்ட போய்ச் சொல்லு. இங்கே எதுக்கு வர்றே?" என்று திருப்பி அனுப்பிவிட்டது.

மறுநாள் செவ்வெறும்புப் படை வந்தது. முதல் வரிசையில் அதுதான் நின்றது. ஒரு மீசையைக் காணவில்லை.

"ராணிகிட்ட சொன்னியா?" என்று காவல் எறும்பு மெல்லக் கேட்டது.

"சொன்னேன் அண்ணே" என்று சொல்லிவிட்டு, அது காவல் எறும்பின் காலைக் கவ்வியது.

காவல் எறும்புக்குத் திருப்பிக் கடிக்க மனம் வரவில்லை.