ஆணி திரும்பி வந்தது

ஆறாம் வகுப்பின் அறிவியல் மேஜையில் ஒரு டப்பாவின் மூடி மல்லாந்து கிடந்தது. அதற்குள் ஒரு குண்டூசியும் ஒரு நீள ஆணியும் ஒடுங்கிக் கிடந்தன. மேஜையின் மறுகோடியில் சட்டக் காந்தம். மற்ற குண்டூசிகள் எல்லாம் அதன் நுனியில் கொத்தாகத் தொங்கின.

"நான் யாரையும் இழுக்கிறதில்லை. அவங்களாத்தான் வர்றாங்க," என்றது காந்தம்.

குண்டூசி ஆணியை ஒட்டிக்கொண்டது. "அண்ணே, அடுத்தது நாமதானா?"

"நான் இருக்கேன்ல? என்னைத் தாண்டித்தான் உன்னைத் தொடணும்," என்றது ஆணி.

சொல்லி வாய் மூடவில்லை. நிலோஃபர் என்ற மாணவியின் கை வந்து ஆணியைத் தூக்கிக்கொண்டு போனது.

"ஒரே பக்கமாத் தேய்க்கணும்மா. முன்னும் பின்னும் தேய்ச்சா காந்தம் ஏறாது," என்றார் டீச்சர்.

நிலோஃபர் காந்தத்தை ஆணியின் தலையில் வைத்து நுனிவரை தேய்த்தாள். எடுத்து, மறுபடியும் தலையிலிருந்து தேய்த்தாள். "விடு! விடு!" என்று ஆணி கத்தியது குண்டூசிக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கத்தல் முனகலானது. பிறகு அதுவும் இல்லை. அந்த அமைதிதான் குண்டூசியை இன்னும் பயமுறுத்தியது.

ஒருவழியாக நிலோஃபர் காந்தத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, ஆணியை மட்டும் மூடிக்கு அருகே கொண்டுவந்தாள்.

"அண்ணே! தப்பிச்சு வந்துட்டீங்களா?" குண்டூசிக்குப் போன உயிர் திரும்பியது.

ஆணி இன்னும் நெருங்கியது. குண்டூசியின் உடம்பு அதை நோக்கி வழுக்கியது. பிடித்துக்கொள்ள மூடியில் எதுவும் இல்லை.

"அண்ணே, ஏன் இழுக்கறீங்க?"

"நான் எங்கடா இழுக்கறேன்?" என்றது ஆணி. "நீயாத்தான் வர்றே."