கடைசி மெழுகுத் தட்டு

நான்கு மெழுகுத் தட்டுகள் பாழாகிவிட்டன. பாட்டைப் பதிவு செய்ய மிச்சம் இருந்தது ஒன்றுதான். தூத்துக்குடி இசைத்தட்டுக் கடைக்காரர் ஆறுமுகநயினாருக்கு மண்டை கொதித்தது. தமிழ் தெரியாத கல்கத்தா என்ஜினீயர் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டே இருந்தார்.

“ஏளா சீனித்தாய், எழவு வீட்டுல நீங்க நாலு பேரும் ஒப்பாரி எடுத்தா ஊரே அழுவுமே! இங்கன வந்து என்னளா முனங்குதிய?”

“கண்ணு முன்னால பொணம் கிடந்தாத்தான அண்ணாச்சி குரலு சேரும்?”

“பொணத்துக்கு நான் எங்கன போவ?”

நால்வரும் அவரையே பார்த்தார்கள்.

பல்லைக் கடித்துக்கொண்டு பெஞ்சில் நீட்டிப் படுத்தார். சீனித்தாய் அவர் மூக்கிலும் காதிலும் பஞ்சை அடைத்து, வேட்டியால் மூடினாள்.

பிறகு எடுத்தார்கள் பாருங்கள் ஒப்பாரி! ஒரு குரல் தழையும் இடத்தில் இன்னொரு குரல் ஏந்திக்கொண்டது. பெஞ்சில் கிடந்தவருக்குக் கேட்டதெல்லாம் சங்குக்குள் கேட்கும் இரைச்சல் மட்டும்தான். எழுந்து பார்த்தால், என்ஜினீயர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பாடா என்றிருந்தது.

இரண்டு மாதத்தில் இசைத்தட்டு ஊர் ஊராக விற்பனைக்கு வந்தது. தம் கடைக்கு வந்த பெட்டியை அவர் பிரிப்பதற்குள் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. ஆறுமுகநேரியில் வாழ்க்கைப்பட்ட தங்கை வடிவம்மாள் மாரில் அடித்துக்கொண்டு இறங்கினாள். பின்னால் மாப்பிள்ளை, கையில் மாலையும் கோடித்துணியுமாக.

ஆறுமுகநயினார் பதறி ஓடிவந்தார். “ஏளா, யாருக்கு என்ன ஆச்சு?”

அவரைப் பார்த்ததும் வடிவம்மாளுக்கு அழுகை நின்று வாய் பிளந்தது.

“அண்ணே! ‘எங்க ஆறுமுகநயினாரே, எங்கள விட்டுப் போனீரே’ன்னு காப்பிக் கடையில பிளேட்டு பாடுதே!”