நீல நகம்

“வெறும் சாயம்தான்யா. எம்பிள்ளைக்கு நோய்நொடின்னு ஒண்ணும் கெடையாது.”

முத்துப்பேச்சி முந்தானை நுனியை எச்சிலில் நனைத்து, மகள் ஆஷாவின் நகங்களை அழுத்தித் துடைத்தாள். நீலம் துணியோடு வந்தது. பனியன் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தவளுக்குப் பள்ளியிலிருந்து போன் வந்திருந்தது. ஓடிவந்த வேகத்தில் தலையில் ஒட்டியிருந்த வெள்ளைப் பஞ்சைக்கூட அவள் தட்டவில்லை.

பிள்ளைகளைப் பரிசோதிக்க வந்திருந்த டாக்டர் சிவராஜ் காலையிலிருந்து இருநூறு பேரைப் பார்த்துவிட்டார். பேன், சிரங்கு, சொத்தைப் பல், பூச்சி மாத்திரை என்று வரிசை விறுவிறுவென நகர்ந்தது. மூன்றாம் வகுப்பு ஆஷாவின் நீல நகங்களைக் கண்ட பிறகுதான் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டினாராம்.

முத்துப்பேச்சி வகுப்பு டீச்சர் அனுசுயாவை முறைத்தாள். ஓடினால் பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறது, டாக்டரிடம் காட்டுங்கள் என்று ஆறு மாதமாக நச்சரித்தவள் அவள்தான். நாத்தனார் மகன் ஆபரேஷனுக்குப் போய் உயிரோடு திரும்பவில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேருமா? டாக்டரிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று போன வாரம் டீச்சரிடம் சத்தியமே வாங்கியிருந்தாள்.

“டீச்சர் ஏதாச்சும் சொன்னாகளாய்யா?”

டாக்டர் இல்லையென்று தலையாட்டினார்.

“சாயம் போயிருச்சும்மா. நெஞ்சுல கேட்ட சத்தம் போகலீங்களே. இதயத்துல ஓட்டை இருக்கும்போலத் தெரியுது. இப்பவே பார்த்தா சரி பண்ணிரலாம். விட்டுட்டா கஷ்டமுங்க.”

முத்துப்பேச்சி ஆஷாவை இழுத்து அணைத்துக்கொண்டாள். டாக்டரின் ‘சரி பண்ணிரலாம்’ என்ற சொல்லை இறுகப் பிடித்துக்கொண்டாள். அரசுக் காப்பீட்டில் கோயம்புத்தூரில் ஆபரேஷன் நடந்தது.

நான்கு மாதம் கழித்து ஒரு மத்தியானம், லட்டுப் பொட்டலத்தோடு பள்ளிக்கு வந்தாள். ஆஷா மைதானத்து வேப்பமரத்தைத் தொட்டுவிட்டு, நடுவில் எங்கும் உட்காராமல் ஓடிவந்தாள். பெற்றவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“அன்னைக்கு ஒங்கள மொறைச்சேனே டீச்சர், மன்னிச்சிருங்க. அந்தச் சாயம் மட்டும் ஒட்டலைன்னா எம்பிள்ள எனக்கில்ல. எந்தத் துணியில கைய வச்சாளோ, அதச் சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சுக் கும்பிடணும்.”

அனுசுயா லட்டைப் பிட்டபடியே, “உங்க கம்பெனியில கலர்த் துணி ஓடுதுங்களா?” என்று கேட்டாள்.

“இல்ல டீச்சர். நாங்க தைக்கிறது பூராவும் வெள்ளை பனியன்தான்...” என்றவள் பாதியில் நின்றாள்.

அனுசுயா குரலைத் தாழ்த்தினாள்.

“எங்கூட்டுக்காரரு சாயப்பட்டறையில மேஸ்திரிங்க. நான் வாயைத் தொறக்க மாட்டேன்னு மட்டுந்தானுங்களே சத்தியம் பண்ணுனேன்?”