வைரத்துக்குப் பிடிக்காத குரல்

"பெல்ட்டைக் கழட்டு டோர்பென்! அந்த பக்கிள்தான் வேலையைக் காட்டுது!"

பேராசிரியர் எபெர்லே போட்ட சத்தத்தில் டோர்பென் பெல்ட்டை உருவி நடைக்கு எறிந்துவிட்டு, ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுடைய சாவி, செல்போன், ஷூ எல்லாம் ஏற்கெனவே அங்கேதான் குவிந்து கிடந்தன. ஆராய்ச்சி மாணவி ரோன்யாவின் ஹேர்பின்னும் அந்தக் குவியலில்தான். முடி கண்ணில் விழ, அவள் திரையைப் பார்த்தாள். கோடு இன்னும் குதித்துக்கொண்டிருந்தது.

ஊல்ம் நகரத்து அந்த ஆய்வுக்கூடத்தில் ராஜா ஒரு கடுகளவு வைரம். அதற்குள் ஆங்காங்கே அணு விடுபட்ட குறைகள். அந்தக் குறைதான் அதன் பெருமை. பச்சை ஒளி பட்டால் சிவப்பாக மினுங்கும். பக்கத்தில் காந்தம் அசைந்தால் மினுக்கம் மாறும், திரையில் கோடு துள்ளும்.

மானியக் குழு வரும் நேரம். இந்த லட்சணத்தைப் பார்த்தால் திட்டத்தையே மூடிவிடுவார்கள். ரோன்யாவின் மூன்று வருட உழைப்பு குப்பைக்குப் போகும். உழைப்புதான் அவளுடையது. பேசுவது எப்போதும் எபெர்லே. ஆய்வுக்கூடப் போஸ்டரில் பளீரென்று சிரிப்பவரும் அவரே.

"டிராம் போகுதோ என்னவோ," என்றான் டோர்பென்.

"டிராம் அப்பவே போயாச்சு!" எபெர்லே பிரெட்ஸல் ரொட்டியைக் காபியில் ஊறவைத்து விழுங்கினார். கவலை வந்தால் அவருக்கு அது வேண்டும்.

ரோன்யா தயங்கினாள். "புரொபசர், தப்பா நினைக்காதீங்க. நீங்க பேசறப்ப மட்டும்தான் கோடு ஆடுது."

"என்ன உளர்றே?"

கோடு ஒரு குதி குதித்தது.

"பாருங்க!"

"சத்தத்துல மேஜை அதிருதா இருக்கும். டோர்பென், கத்து!"

டோர்பென் கால்பந்து மைதானத்தில் கத்துகிற மாதிரி அடித்தொண்டையில் கத்தினான். கோடு அசையவில்லை. பாட்டும் பாடினான். ரோன்யாதான் காதைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப என் குரல்ல மட்டும் அப்படி என்னடா..."

கோடு திரையையே தாண்டியது. எபெர்லே சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். முகம் சிவக்க விடுவிடுவென்று வெளியே போனார்.

"கோவிச்சுக்கிட்டாரு. உனக்கு வாய் சும்மா இருக்காதா?" என்றான் டோர்பென்.



குழு வந்தது. பின்னாலேயே எபெர்லேயும் வந்தார், உதட்டை இறுக மூடிக்கொண்டு.

"ஆரம்பிக்கலாமா புரொபசர்?" என்றார் குழுத் தலைவி.

எபெர்லே ரோன்யாவைக் கையால் காட்டிவிட்டு மூலையில் போய் நின்றுகொண்டார்.

 ரோன்யா மூன்று வருடமாக அடக்கிவைத்த பேச்சு மடை திறந்து வந்தது. கோடு இம்மியும் ஆடவில்லை. டோர்பென் வாசலில் ஒரு குட்டிக் காந்தத்தை அசைத்தபோது மட்டும் கச்சிதமாகத் துள்ளியது.

"திட்டம் தொடரட்டும்," என்றார் தலைவி. "அதைவிட, ஸ்டூடண்டைப் பேசவிட்டு ஒதுங்கி நிக்கிற புரொபசரை இப்பத்தான் பாக்குறேன்!"

எபெர்லே உதடு பிரியாமல் சிரித்தார்.

சந்தோஷத்தில் ரோன்யா நடைக்கு ஓடினாள். குவியலில் ஹேர்பின்னைக் காணோம். பெல்ட்டைத் தூக்கினாள், சாவியைத் தள்ளினாள். கடைசியில் ஒரு கைக்குட்டைக்கு அடியில் கிடைத்தது. கழன்றுவிடாமல் தாடையில் நிற்பதற்காகப் பேராசிரியரின் பொய்ப்பல் செட்டில் பதித்திருந்த காந்தம் அதைக் கெட்டியாகக் கவ்விக்கொண்டிருந்தது.