வேர்ணரின் உடுப்புக் கூடை

"ஏன் உடுப்புக் கூடையோட படியில நிக்கிறீங்கள், வேர்ணர் மாமா?" என்று ஆறு வயதுச் சிவசக்தி ஒருமுறை கேட்டாள்.

மேல்மாடி வேர்ணர் உதட்டில் விரலை வைத்தார். கீழே, சலவை அறைக்குள், சிவசக்தியின் அம்மா ஜெயமலர் துணி காயப்போட்டபடி மாதா பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தாள். "நான் உள்ளே போனால் நிறுத்திவிடுவாள். பாட்டு முடியட்டும்" என்றார் அவர் மெதுவாக.

சிவசக்தி அதை அப்படியே அம்மாவிடம் போய்ச் சொன்னாள். ஜெர்மனிக்கு வந்த புதிதில் ஜெயமலருக்கு அந்தச் சலவை அறைதான் கோயில். கேட்டதும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டு வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது 2004. சிவசக்தி வேறு ஊரில் படிக்கிறாள். வேர்ணர் காலமாகி மூன்று வருடம். டுசல்டோர்ஃபில் அதே வீட்டின் முன்னறையில், ஸ்கொட்லாந்திலிருந்து வந்த மோராக் என்ற பெண் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தாள். எதிரே இருந்த சிவசக்தியின் அப்பா றெஜினோல்டுக்கு வியர்த்துக் கொட்டியது.

"வேர்ணர் இருபது கோடை விடுமுறைகளை எங்கள் தீவுகளில் கழித்தார்" என்றாள் மோராக், நல்ல ஜெர்மன் மொழியில். "வீடு வீடாகப் போய் எங்கள் கேலிக் மொழிப் பாட்டுகளைப் பதிந்தார். நெய்த கம்பளியை மேசையில் அடித்தடித்துப் பெண்கள் பாடுவது, பால் கறக்க நிற்காத மாட்டைத் தேற்றிப் பாடுவது... மொத்தம் நாற்பத்தாறு கசற். பாடியவர்களில் ஒருவரும் இன்று உயிரோடு இல்லை. வேறு பிரதியும் இல்லை."

கோப்பையைக் கீழே வைத்தாள். "அந்தப் பெட்டியை உங்களிடம் தந்ததாக அவருடைய தம்பி மகன் சொன்னார்."

வேர்ணர் இறந்தபோது தந்தது உண்மைதான். றெஜினோல்ட் தமிழ்ப் பாடகர் குழுவின் தலைவர். ஒவ்வோர் ஆவணியிலும் கெவெலார் மாதா யாத்திரையில் பாடுகிற குழு அது. பாடகர்கள் பல ஊர்களில் சிதறியிருந்ததால், ஆளுக்கொரு பயிற்சிக் கசற் தபாலில் போகும்.

பெட்டியை மனைவியிடம் கொடுத்தபோது சொன்ன சொற்கள் இப்போது அவர் காதிலேயே அறைந்தன. "நல்ல கசற், மலர். பழசை அழிச்சுப்போட்டு எங்கடை பாட்டைப் பதியும். உந்தப் பாசை ஆருக்கு விளங்கப்போகுது?"

குசினிக்குள் ஓடினார். ஜெயமலர் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"மலர், வேர்ணரின்ரை கசற் தேடி வந்திருக்கினம். மனுசி அழப்போகுது."

"முதல்ல இதைக் கொண்டுபோய்க் குடுங்கோ. ஆற முந்திச் சாப்பிடட்டும்."

"எந்த முகத்தோட குடுக்கிறது? நான் என்னத்தைச் சொல்ல?"

"நீங்கள் சொன்னதைச் சொல்லுங்கோ. சொல்லேக்கை வெக்கப்படாத மனுசன் இப்ப ஏன் வெக்கப்படுறியள்?" அடுப்பை நிறுத்திவிட்டு ஆணியில் தொங்கிய நிலவறைக் கதவுத் திறப்பை எடுத்தாள். "நான் கீழை கெல்லருக்குப் போட்டு வாறன்."

"இந்த நேரத்திலயோ உடுப்புத் தோய்க்கப் போறீர்?"

அவள் படியிறங்கிவிட்டாள்.

றெஜினோல்ட் மாதாவை நினைத்துக்கொண்டு ரோல்ஸ் தட்டோடு முன்னறைக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னார். மோராக்கின் முகம் வெளுத்தது. கையிலெடுத்த ரோல்ஸை அவள் கடிக்கவேயில்லை.

"கசற்றின் கடைசியில் பழைய பாட்டுக் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும்" என்று மேசை இலாச்சியிலிருந்து ஒரு பயிற்சிக் கசற்றை எடுத்து றேடியோவில் போட்டார். அவருடைய குழு பத்து நிமிடம் பாடி ஓய்ந்தது. அதற்கப்பால் வெறும் இரைச்சல். மறுபக்கத்தைப் போட்டார். அங்கும் வெறும் இரைச்சல்தான்.

"வால்கூட மிஞ்சவில்லை" என்று தலையைப் பிடித்துக்கொண்டார்.

மோராக் புருவத்தை நெரித்தபடி கசற்றை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "வேர்ணர் கசற்றின் மேல் ஒட்டிய தாளில் எறும்பு வரிசை போல எழுதுவார். பாடியவர் பெயர், அவருக்குப் பாட்டைச் சொல்லிக் கொடுத்தவர் பெயர். எங்கள் பக்கத்தில் அதைச் சொல்லாமல் பாட்டைத் தொடங்கமாட்டார்கள். இதில் ஒரு கீறல்கூட இல்லையே?"

"கிழித்துவிட்டு வேறு ஒட்டியிருப்பாள். என் மனைவி எதையும் துப்புரவாகச் செய்கிறவள்" என்றார் றெஜினோல்ட் பரிதாபமாக.

கதவு திறந்தது. ஜெயமலர் உடுப்புக் கூடையோடு உள்ளே வந்தாள். மேலே மடித்துக் கிடந்த படுக்கை விரிப்பை விலக்கினாள்.

கூடைக்குள் வரிசை வரிசையாக நாற்பத்தாறு கசற்றுகள். எல்லாவற்றிலும் எறும்பு எழுத்து.

மோராக் ஒன்றை எடுத்துப் போட்டாள். யாரோ ஒரு பெண்ணின் குரல் அறையை நிறைத்தது. பின்னால் மேசையில் கம்பளி அடிக்கிற சத்தம். மோராக்கின் உதடுகளும் கூடவே அசைந்தன. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

றெஜினோல்ட் மனைவியின் பக்கம் குனிந்தார். "அப்ப எங்கடை பாட்டெல்லாம் எதில பதிஞ்சனீர்?"

"சனிக்கிழமையளில ரெண்டு மூண்டாப் புதுசு வாங்கினனான்."

"மூண்டு வருசமா? எனக்கேன் ஒரு வார்த்தை சொல்லேல்லை?"

ஜெயமலர் உதட்டில் விரலை வைத்தாள்.

"பாட்டு முடியட்டும்."