கல்லுக்கு வந்த சோதனை

டாக்டர் ஃபேர்லி அசல் என்றால் அசல், போலி என்றால் போலி. வேல்ஸ் நாட்டுப் பழங்கற்களைப் படிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

விவசாயி கெத்தினின் மேய்ச்சல் நிலத்தில் புதர் வெட்டியபோது தட்டுப்பட்டது அந்த ஆளுயரக் கல். முகப்பில் லத்தீன். ஓரத்தில் ஓகம்; அதாவது கோடு கோடாகக் கீறி வைக்கும் பழைய ஐரிஷ் எழுத்து. சேப்பல் பாதிரியார் கடுதாசி போட, அரசாங்கம் ஃபேர்லியை அனுப்பியிருந்தது.

"ஆயிரத்தைந்நூறு வருஷத்துக் கல்லுங்கய்யா, சத்தியமா!" என்றார் கெத்தின்.

"அதை நான் சொல்லணும். நீ சும்மா இரு."

ஃபேர்லி கல்லை முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்தார். "தயிரும் சாணியும் வாடை அடிக்குதே? பாசி பிடிக்கட்டும்னு பூசினியாக்கும்?"

கெத்தின் தொப்பியைக் கழற்றிக் கசக்கினார். அவர் மகள் மாரெட், தான் குடியிருக்கும் ஓட்டை கேரவன் வாசலில் கைக்குழந்தையோடு நின்றாள்.

ஃபேர்லியின் விரல் ஓகத்தின் மேல் கீழிருந்து ஊர்ந்தது. பாதியில் நின்றது. மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இன்னார் மகன் இன்னார்னு எழுத ஆசைப்பட்டிருக்கே. ஓகத்துல மகனுக்கு ஐரிஷ்ல 'மக்கி'ன்னுதான் போடுவான். நீ உன் வீட்டு வெல்ஷ்ல 'மாப்'னு கீறியிருக்கியேய்யா! ஏமாத்தறதுக்கும் கொஞ்சம் படிப்பு வேணும்."

"ஐயோ, அப்பாவை ஜெயில்ல போட்டுடாதீங்க!" மாரெட் அழுதே விட்டாள்.

"பொழைச்சுப் போங்க." 'முழுக்கல்லும் போலி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் ஃபேர்லி. "அசலா இருந்தாலும் உனக்கென்ன லாபம்? பாதுகாக்கப்பட்ட இடம்னு சொல்லி இங்கே ஒரு கோழிக்கூடு கட்டக்கூட விடமாட்டாங்க."

கடலோரம் வாங்கிப் போட்டிருக்கும் தன் மூன்றாவது விடுமுறை வீட்டுக்குக் காரை விட்டார்.

"ஏம்ப்பா, நமக்கு ஏன் இந்தப் பித்தலாட்டம்? ஊரே காறித் துப்புமே!" என்றாள் மாரெட்.

"துப்பட்டும். நாளைக்கே உன் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டிடலாம்" என்றார் கெத்தின். "உடைஞ்சிருந்த இடத்துல அந்த 'மாப்' ஒண்ணுதான்மா நான் வெட்டினது, மிச்சக் கல்லு முச்சூடும் அசல்!"