கம்ப்யூட்டர் பாடு

படகில் வந்து இறங்கிய கம்ப்யூட்டர் தீவுப் பள்ளிக்கூட மேசைமேல் இருக்கிறது. உப்புநீர் ஏரியின் காற்று படாமலிருக்க ஜெனிஃபர் டீச்சர் தன் பழைய புடவையை அதன்மேல் போர்த்தியிருக்கிறார். சாயங்கால வெயில் அந்தப் புடவையின் பூக்களில் நிற்கிறது. எந்த வீட்டுப் பிள்ளைக்கு எந்த நாள் என்பதை, ஏரியில் வலை போடும் முறையை வீடுவாரியாகப் 'பாடு' பிரிப்பதுபோலவே குலுக்கி எடுக்கப்போகிறார்கள். வீட்டுக்கு ஒரு தக்கை, வலையை மிதக்கவைப்பது. அதில் அந்த வீட்டுச் சாயக்குறி. ஊர்ப் பெரியவர் தருமலிங்கம் நீட்டும் சத்துணவு அலுமினிய அன்னக்கூடையில் தக்கைகள் சத்தமில்லாமல் விழுந்து நிறைகின்றன. தேசம்மா மட்டும் வாசலுக்கு வெளியே நிற்கிறாள். மகள் நிவேதா அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மேசையையே பார்க்கிறாள். "உங்க தக்கை எங்கம்மா?" என்கிறார் டீச்சர். "அவரு போனதுலேர்ந்து எங்க வூட்டுக்குப் பாடு இல்ல டீச்சர். வலை போட ஆம்பள வேணும்ல." போர்த்திய புடவையின் ஓரம் காற்றில் படபடக்கிறது. தருமலிங்கம் கொஞ்ச நேரம் கூடைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போகிறார். "உங்கிட்ட இன்னா இருக்குதோ அத்தப் போடும்மா." தேசம்மா இடுப்பைத் துழாவி வீட்டுச் சாவியை எடுத்துப் போடுகிறாள். தக்கைகளுக்கு நடுவே நழுவி, அலுமினியத்தின் அடியில் அது மோதும் சத்தம் வகுப்பறை முழுக்கக் கேட்கிறது.